தூக்குவாளி என் கையில்

பேத்தியோடு ரயிலில் ஊருக்குக் கிளம்பும்போது, "வழிக்கு மட்டும் டயப்பர் போட்டுக்கலாமே மாமா" என்றாள் மருமகள். அவளைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் துணி அலசுவது அவள்தானே! இயற்கை விவசாயம் பேசுகிற நாம் எத்தனை பேர் அலசியிருக்கிறோம்?

டயப்பர் என்பது பிளாஸ்டிக் உறை, உள்ளே ஈரம் உறிஞ்சும் ரசாயனத் தூள். வாய்க்கால் தூர்வாரும்போது உப்பிக் கிடப்பதை மண்வெட்டியால் அள்ளியவன் நான்.

இந்தத் தடவை பொறுப்பை நானே எடுத்துக்கிட்டேன். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து 12 துணி. ஈரத்துணி போட மூடிபோட்ட பழைய தூக்குவாளி. மலத்தை ரயில் கழிப்பறையில் தட்டிவிட்டு, துணியைச் சுருட்டி வாளியில் போட்டேன். எதிர் இருக்கைக்காரர், "சாப்பாடா சார்?" என்றார்!

பயணத்துக்குத் துணி சரிப்படாது என்பதெல்லாம், சுமப்பதும் அலசுவதும் தாய் தலையில் விழும்வரைதான். ஊர் போனதும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, களத்து வெயிலில் நானே காயப்போட்டேன்.