பின்னிருக்கையின் கடமை

நாடாளுமன்றத்தின் முன்வரிசை அமைச்சர்க்கும் கட்சித் தலைவர்க்கும் உரியது. அவர்க்குப் பின்னே அமர்ந்திருக்கும் நூற்றுக்கணக்கானோர் யாருக்கு உரியர்? வாக்களித்து விடுத்த மக்கட்கா? கட்டளையிடும் கட்சிக்கா? ஓர் உறுப்பினரின் பணியை அளக்கப் புகுவோர் முதற்கண் இவ்வினாவிற்கு விடை காணல் வேண்டும்.

அவர் எதனை ஒப்பி வாக்களித்தார், எதனை மறுத்து வாக்களித்தார் என்று பார்த்தாற் போதும் என்பர் சிலர். இந்திய நாடாளுமன்றத்தில் அவ்வளவுகோல் இரு வகையில் முறிந்து கிடக்கின்றது.

ஒன்று, சட்ட முன்வரைவுகளுள் பெரும்பாலானவை குரல் வாக்கெடுப்பாலேயே நிறைவேறிவிடுகின்றன. உறுப்பினர் எவரேனும் கேட்டு வற்புறுத்தினாலன்றி வாக்குகள் எண்ணப்படுவதில்லை. யார் ‘ஆம்’ என்றார், யார் ‘இல்லை’ என்றார் என்பது ஏட்டில் ஏறுவதே இல்லை.

மற்றொன்று, 1985-இல் வந்த 52-ஆம் அரசியலமைப்புத் திருத்தம். கட்சியின் ஆணைக்கு மாறாக வாக்களிப்பவரும், வாக்களியாது ஒதுங்குபவரும், கட்சியின் முன்னிசைவு பெறாமலும், 15 நாளுக்குள் கட்சியாற் பொறுக்கப்படாமலும் போயின் தம் இருக்கையை இழப்பர். காசுக்குக் கட்சி தாவுவோரை அடக்க வந்த சட்டம் அது, அந்நோக்கம் குறைகூறற்குரியதன்று. ஆயின், விலைபோகும் கையையும் மனச்சான்றால் உயரும் கையையும் அது ஒரே கயிற்றாற் கட்டிவிட்டது.

எனின், பின்னிருக்கை உறுப்பினர் வெறும் கைத்தூக்கிதாமோ? அல்லர் என்பதற்குப் பெரோசு காந்தியே சான்று. 1952-இலும் 1957-இலும் இரேபரேலிப் பகுதியிலிருந்து தேர்வான அவர் ஆளுங்கட்சியினர். தலைமை அமைச்சர் நேருவின் மருமகனார். வாய்மூடியிருந்தால் எத்துணையோ நலம் எய்தியிருக்கலாம். அவரோ வாய் திறந்தார். வாழ்நாள் காப்பீட்டுக் கழகம் முந்திரா என்னும் வணிகரின் ஆறு குழுமங்களில் ஏறத்தாழ ஒன்றேகால் கோடி உருபாவுக்குப் பங்குகள் வாங்கியது ஏன் என்று 1957 திசம்பரில் மக்களவையில் வினவினார். அப்பணம் ஏழை எளியவர் தம் பிள்ளைகட்கென்று சிறுகச் சிறுகக் கட்டிய பணமன்றோ? பம்பாய் உயர்முறைமன்றத் தலைமை நடுவர் சாக்லா பொதுமக்கள் முன்னிலையில் உசாவல் நடத்தினார். 1958 பிப்பிரவரியில் நிதியமைச்சர் டி. டி. கிருட்டிணமாச்சாரி பொறுப்பினின்று விலகினார். இவ்வளவுக்கும் வித்து பின்னிருக்கையிலிருந்து எழுந்த வினா ஒன்றே.

அவையில் நிகழ்வதை உள்ளபடி வெளியிடும் செய்தித்தாள்கட்குக் காப்பளிக்கும் சட்டமும் 1956-இல் அவர் கொணர்ந்த தனியுறுப்பினர் முன்வரைவால் வந்ததே. அவர்தம் துணைவியார் இந்திரா காந்தி தலைமை அமைச்சராயிருந்த நெருக்கடிநிலைக் காலத்தில் அது நீக்கப்பட்டது. 1977-இல் மீண்டும் உயிர்பெற்றது. அஞ்சும் ஆட்சி முதலில் அடைப்பது மக்களின் செவியையே என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இன்று அவ்வழியும் குறுகிவிட்டது. விடுதலைக்குப் பின் சட்டமாகிய தனியுறுப்பினர் முன்வரைவுகள் 14 மட்டுமே. அவற்றுள் இறுதியானது 1970-இல் நிறைவேறியது. அதன்பின் அரை நூற்றாண்டு கடந்தும் ஒன்றும் ஈரவைகளையும் தாண்டவில்லை.

செய்யத்தக்கது யாது? ஆட்சியின் நிலைபேற்றைத் தீர்க்கும் வாக்கெடுப்புகள் போன்ற சிலவற்றோடு கட்சி ஆணையின் பிடி நிற்றல் வேண்டும். 1990-இலேயே தினேசு கோசுவாமி குழு இந்நெறியையே பரிந்துரைத்தது. ஏனைய சட்டங்கட்கு ஒவ்வோர் உறுப்பினரின் வாக்கும் பெயரோடு பதிவாதல் வேண்டும்.

அதுவரையிலும் மக்கள் கையில் ஓர் அளவுகோல் உண்டு. கட்சி ஆணை கட்டுவது வாக்கை, வினாவையன்று. ஆதலின், வாக்குக் கேட்டு வருவாரிடம், ‘எத்தனை நாள் அவைக்குச் சென்றீர்?’ என்பதோடு நில்லாது, ‘எவ்வினாவை எழுப்பினீர்? உம் கட்சிக்குக் கசக்கும் எவ்வுண்மையைச் சொன்னீர்?’ என்றும் கேட்டல் வேண்டும். வினவாத மக்கட்கு வினவாத சார்பாளரே வாய்ப்பர்!