முறையை மாணவரே தேர்ந்தெடுக்கட்டும்: கணித ஆசிரியர் சங்கத்தின் நிலைப்பாடு

இரு மாறிகளில் அமைந்த நேரிய சமன்பாடுகளைக் கொடுத்து, "நீக்கல் முறையில் தீர்க்க", "பிரதியிடல் முறையில் தீர்க்க" என்று வினாத்தாள் கட்டளையிடும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். தமிழ்நாட்டின் ஒன்பதாம் வகுப்புப் பாடநூல் வரைபடம், பிரதியிடல், நீக்கல், குறுக்குப் பெருக்கல் ஆகிய முறைகளைக் கற்றுத்தருகிறது. அவற்றைக் கற்பிப்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை. எங்கே எது பொருந்தும் என்று பிள்ளை யோசிக்க வேண்டிய இடத்தில் வினாத்தாளே யோசித்துவிடுவதைத்தான் எதிர்க்கிறோம்.

தெரியாத எண்களை க, ச என்று கொள்வோம். ச = 3க − 2, 5க + 2ச = 18 என்றால் பிரதியிடுவதே இயல்பு: 11க = 22, எனவே க = 2, ச = 4. ஆனால் 7க + 5ச = 31, 7க − 2ச = 17 என்ற சோடியில் பிரதியிடப் போனால் ஏழின் கீழ்ப் பின்னங்கள் குவியும். கழித்தால் ஒரே வரியில் 7ச = 14; ச = 2, க = 3. கெழுக்களை ஒரு கணம் உற்றுப் பார்க்கும் பழக்கம் இங்கேதான் பிறக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் மூன்று மாறிகள் வரும்போது அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் திணறுகிறார்கள். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய சீனக் கணித நூலான 'ஒன்பது அத்தியாயங்கள்' நீக்கலை விளக்க எடுத்துக்கொண்ட முதல் கணக்கிலும் மூன்று தரத் தானியம், மூன்று தெரியாத அளவுகள்.

சரிபார்த்தலுக்கு மதிப்பெண் வேண்டும் என்பதிலும் உறுதியாக இருக்கிறோம். மேற்கண்ட கழித்தலில் குறியை மாற்ற மறந்து 3ச = 14 என்று எழுதுவது வகுப்பில் அடிக்கடி காணும் பிழை. அந்த ச மதிப்பை முதல் சமன்பாட்டில் இட்டு க = 23/21 என்று கண்டுபிடித்து, அதே சமன்பாட்டிலேயே சரிபார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும்! இரண்டாவதில் இட்டால்தான் 17 வர வேண்டிய இடத்தில் −5/3 வந்து பிழையைக் காட்டும். பயன்படுத்தாத சமன்பாட்டில் சரிபார்க்க வேண்டும் என்பதை எல்லா ஆசிரியர்களும் அழுத்திச் சொல்ல வேண்டுகிறோம்.

எங்களை அதிகம் வருத்துவது இன்னொன்று. 2க + 3ச = 7, 4க + 6ச = 15 என்ற சோடியை நீக்கினால் 0 = 1 என்று வந்து நிற்கும். நன்றாகப் படிக்கும் பிள்ளையும் தன் கணக்கு தவறிவிட்டதென்று அதை அடித்துவிடுகிறது. உண்மையில் அதுவே விடை: இரண்டும் இணைகோடுகள், தீர்வு இல்லை. 15க்குப் பதில் 14 இருந்தால் 0 = 0 வரும்; இரண்டும் ஒரே கோடு, தீர்வுகள் எண்ணற்றவை. முறையை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இது எட்டாது. ஒரு சமன்பாட்டின் மடங்கை மற்றதிலிருந்து கழித்தாலும் பொதுத் தீர்வு ஏன் மாறுவதில்லை என்று கேட்டுப் புரிந்துகொண்டவருக்கே எட்டும். அந்தக் காரணத்தைச் சொல்லாமல் நீக்கல் பாடத்தைத் தொடங்கக் கூடாது.

ஆகவே, வரும் ஆண்டுத் தேர்விலிருந்து வினாக்களில் முறையின் பெயர் இடம்பெறக் கூடாது. சரியான எந்த வழிக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும். தீர்வில்லாத சோடி ஒன்றாவது ஒவ்வொரு வினாத்தாளிலும் இருக்க வேண்டும்.