வேகமும் வெப்பமும்

"ஐயா, மோட்டர் தொட முடியாதபடி சுடுகிறது, படகும் முன்போல் ஓடுகிறதில்லை" என்று கூறி, மாணவன் ஒருவன் சென்ற வாரம் தன் மாதிரிப் படகை என் மேசைமேல் வைத்தான். கரையில் நின்றபடியே வானொலி அலைகளால் இயக்கும் படகு அது. பல மாதங்களாகச் சேர்த்த பணத்தில் வாங்கியது.

"நீரைத் தள்ளும் விசிறியை மாற்றினாயா, தம்பி?" என்றேன்.

"வேகம் கூடுமென்று பெரியதொன்றைப் பூட்டினேன், ஐயா."

நோயின் மூலம் அதுவே.

வானொலியால் படகோட்டுதல் புதுமையன்று. 1898ஆம் ஆண்டிலேயே நிக்கோலா தெஸ்லா நியூயோர்க் நகரில் மக்கள் முன்னிலையில் அதனைச் செய்து காட்டினார். அன்று தொட்டுக் கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. நீரின் இயல்பு மாறவில்லை. பொதுவாக, படகின் வேகம் இருமடங்கானால் நீரின் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். வேண்டிய வலுவோ எட்டு மடங்காகும். பெரிய விசிறியைச் சுழற்ற மோட்டர் கூடிய மின்னோட்டத்தை இழுக்கும். மின்னோட்டம் இரட்டித்தால் கம்பிச் சுருளிற் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். மோட்டரிலுள்ள சாதாரண நியோடிமியக் காந்தங்கள் ஏறத்தாழ 80 பாகை செல்சியசைக் கடந்தால், தம் வலிமையை மீளாதபடி இழக்கத் தொடங்கும்.

இதற்கு மருந்து படகின் கீழேயே இருக்கிறது. ஒரு கிராம் நீர் ஒரு பாகை சூடேற 4.2 யூல் வெப்பத்தை ஏற்கும். 300 வாற்று வலுவைப் பெறும் மோட்டர் அதில் ஐந்திலொரு பங்கை வெப்பமாக்குகிறதென்று கொள்வோம். அது 60 வாற்று. செக்கனுக்கு ஒன்றரை மில்லிலீற்றர் நீர் மோட்டரைச் சூழ்ந்து ஓடினால், தான் 10 பாகை மட்டுமே சூடேறி அவ்வெப்பம் முழுவதையும் அள்ளிச் செல்ல வல்லது.

இதற்குப் பம்பி வேண்டியதில்லை. விசிறிக்குப் பின்னால், வாய் முன்னோக்கியிருக்கும்படி சிறு குழாயொன்றைப் பொருத்துக. விசிறி தள்ளும் நீரே அதனுள் ஏறும். அந்நீரை முதலில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும், பின்னர் மோட்டரைச் சுற்றிய செப்புக் குழாய்ச் சுருளுக்கும் செலுத்தி, படகின் பக்கத்துத் துவாரத்தால் வெளியேற்றுக. வெளிவரும் தாரை கரையிலிருந்து தெரிய வேண்டும். தாரை நின்றால் பாசியோ மணலோ அடைத்துள்ளதென்று அறிந்து, மோட்டரை உடனே நிறுத்துக.

எனினும், குளிர்ச்சி ஒன்றே பிழைகளைத் திருத்திவிடாது. வெப்பம் என்பது வேகமாகாது வீணாய்ப்போன வலு. ஆகவே முதலில் அளவான விசிறியைப் பூட்டுக. மோட்டரும் சுழல்தண்டும் ஒரே நேர்கோட்டில் உள்ளனவா எனப் பார்த்துக் கிறீசிடுக. வேண்டாத பாரத்தைக் குறைக்குக. குளிர்நீர் அதன் பின்னரே.

பெற்றோருக்கும் ஒரு சொல்: இலித்தியம் பற்றரி வீங்கியிருந்தால் அதற்கு மீண்டும் மின்னேற்ற விடாதீர்கள், அது தீப்பற்றக்கூடும். நல்ல பற்றரிக்கு மின்னேற்றும்போதும் பெரியவரொருவர் அருகிலிருத்தல் வேண்டும்.

மாணவன் பழைய விசிறியைப் பூட்டி, குழாயும் பொருத்தி, நேற்றுப் படகை மீண்டும் ஓட்டினான். மோட்டர் சுடவில்லை. ஆனால் பழைய வேகம் முழுவதும் திரும்பவுமில்லை; காந்தம் இழந்தது இழந்ததுதான். அடுத்த மோட்டருக்காக அவன் மறுபடியும் பணஞ் சேர்க்கிறான். இம்முறை விசிறியின் அளவைக் கணக்கிட்ட பின்னரே கடைக்குப் போவானாம்.