சாயம் வெளுத்த டாலர் ராஜ்யம்



2025-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம். பள்ளிபாளையத்தில் ஒரு டீக்கடை. இராத்திரி ஷிப்டு நின்று நாலாவது நாள். அந்த நேரத்துக்குத் தறி முன்னால் நின்றிருக்க வேண்டிய ஒரு தொழிலாளி, கையில் டீக் கிளாசோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நம்மைப் பார்த்துக் கேட்டார்: "ஏனுங்க தோழர், அமெரிக்காக்காரன் வரி போட்டுட்டான், ஆர்டர் இல்லைன்னு முதலாளி சொல்றாருங்க. அவன் அங்க வரி போட்டா எனக்கு இங்க ஏனுங்க வேலை போகோணும்? அந்த ஊர்ச் சனம் இதையெல்லாம் ஏன்னு கேட்காதுங்களா?"

நியாயமான கேள்விகள். இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லுகிறோம்.

அந்த ஊர்ச் சனம் கேட்காமல் இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப் போய்விட்டது. "வாஷிங்டன் சர்க்கார் சரியானதைச் செய்யும் என்று நம்புகிறீர்களா?" என்று அமெரிக்காவில் 1958 முதல் ஜனங்களைக் கேட்டுக் கணக்கெடுக்கிறார்கள். 1964-இல் நூற்றுக்கு 77 பேர் நம்புகிறோம் என்றார்கள். 2023-இல் அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்கு 16 பேர்தான்! இது நம் கட்சி ஆபீசில் உட்கார்ந்து எழுதிய கணக்கல்ல. அவர்கள் நாட்டில் அவர்களே எடுத்த கணக்கு. நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவர் நம்பாத ஒரு சர்க்கார்தான் உலகத்துக்கெல்லாம் ஜனநாயகப் பாடம் நடத்திக்கொண்டு திரிந்தது.

இந்த நம்பிக்கை ஒரே நாளில் போகவில்லை. 1964 ஆகஸ்டில் டோங்கின் வளைகுடாவில் வியத்நாம் படகுகள் இரண்டாம் தடவையும் நம் கப்பலைத் தாக்கின என்று ஜனாதிபதி ஜான்சன் முழங்கினார். அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவேயில்லை. அந்தப் பொய்யின் பேரில் நடந்த யுத்தத்தில் லட்சக்கணக்கான வியத்நாம் மக்கள் மாண்டார்கள். அமெரிக்க வாலிபர்களிலும் 58 ஆயிரம் பேருக்கு மேல் பிணமாயினர். அடுத்து வந்த நிக்சன் எதிர்க்கட்சி ஆபீசில் புகுந்த திருட்டுக் கும்பலின் விவகாரத்தை மூடி மறைத்து அகப்பட்டுக்கொண்டு 1974-இல் பதவியை விட்டு ஓடினார். 2003-இல் புஷ், இராக்கில் பயங்கர ஆயுதங்கள் குவிந்து கிடக்கின்றன என்று படையெடுத்தார். ஆயுதமும் இல்லை, ஒன்றும் இல்லை. 2008-இல் சூதாடித் தோற்ற பாங்கு முதலாளிகளைக் கைதூக்கிவிட 70 ஆயிரம் கோடி டாலர் ஒதுக்கிச் சட்டம் போட்டார்கள். கடன் கட்ட முடியாத ஏழைக் குடும்பங்களின் வீடுகளுக்குப் பூட்டுப் போட்டார்கள். ஆரம்பித்தது ஒரு கட்சியின் ஜனாதிபதி, தொடர்ந்தது மறு கட்சியின் ஜனாதிபதி. இதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் சண்டை இல்லை!

கூலி சங்கதிக்கு வருவோம். நமக்குப் புரியும் பாஷை அதுதானே. அமெரிக்கச் சர்க்காரின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு ஏழேகால் டாலர். இது 2009 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதற்கப்புறம் பதினாறு வருஷம் ஓடி 2025 முடிந்தது. ஒபாமா இருந்தார், டிரம்ப் வந்தார், பைடன் வந்தார், மறுபடி டிரம்ப் வந்தார். வீட்டு வாடகை ஏறியது, மருந்து விலை ஏறியது, அந்த ஏழேகால் டாலர் ஒரு சென்ட் ஏறவில்லை. சில மாகாணங்கள் தாமாக உயர்த்திக் கொண்டன என்பது வேறு விஷயம்.

2025 அக்டோபர் முதல் தேதி அந்தச் சர்க்கார் கடையையே மூடிவிட்டது! பட்ஜெட் தகராறில் 43 நாள் மூடிக் கிடந்தது. அதுவரை அவர்கள் சரித்திரத்தில் அதுதான் நீண்ட மூடல். லட்சக்கணக்கான சிப்பந்திகளுக்குச் சம்பளம் இல்லை. சுமார் நாலு கோடி ஏழைகள் சர்க்கார் தரும் உணவு உதவியைக் கொண்டு சாப்பிடும் நாடு அது. நவம்பரில் அந்த உதவியும் தடுமாறியது. உலகத்திலேயே பணக்கார தேசத்தில் நம் ரேஷன் கடைக் கியூவைப் போல இலவச உணவுக்குக் கியூ நின்றது. முந்தின வருஷத் தேர்தலில் ஈலான் மஸ்க் என்ற ஒரே கோடீஸ்வரர் 25 கோடி டாலருக்கு மேல் இறைத்தார். அந்தப் பணத்துக்குக் கிடைத்த மரியாதை என்ன தெரியுமா? சர்க்கார் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பும் பொறுப்பு!

இவ்வளவும் பட்ட ஜனங்கள் மறுபடி டிரம்பை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்பீர்கள். நம் சிநேகிதர்கள் சிலர், "அமெரிக்காக்காரன் முட்டாள், வேறென்ன?" என்று ஒரே வார்த்தையில் முடித்து விடுகிறார்கள். நாம் அப்படிச் சொல்லத் தயாரில்லை.

ஓஹியோ மாகாணத்தில் யங்ஸ்டவுன் என்று ஒரு எஃகு நகரம். நம் சேலம் உருக்காலையை மனசில் வைத்துக்கொண்டு கேளுங்கள். 1977 செப்டம்பர் 19-ஆம் தேதி, திங்கட்கிழமை, அங்கே பெரிய ஆலையொன்றை மூடுகிறோம் என்று கம்பெனி அறிவித்தது. 5 ஆயிரம் பேருக்கு வேலை போயிற்று. அந்த ஊர் அந்த நாளை இன்றும் 'கறுப்புத் திங்கள்' என்றுதான் சொல்கிறது. அடுத்தடுத்து மற்ற ஆலைகளும் மூடின. அந்த வட்டாரத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக ஜனநாயகக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள். அந்தக் கட்சியின் கிளிண்டன்தான் 1993-இல் மெக்சிகோவுடன் தடையில்லா வியாபார ஒப்பந்தத்தை நிறைவேற்றும் சட்டத்தில் கையெழுத்திட்டு, கூலி மலிந்த இடத்துக்கு ஆலைகள் ஓட வழி திறந்துவிட்டார். மனம் வெந்து கிடந்த அந்த ஊருக்கு 2017 ஜூலையில் டிரம்ப் வந்தார். போன வேலையெல்லாம் திரும்பி வரப் போகிறது, வீட்டை விற்காதீர்கள் என்று மேடையில் சொன்னார். ஜனங்கள் ஆரவாரித்தார்கள். 2019 மார்ச்சில் பக்கத்திலேயே லார்ட்ஸ்டவுனில் இருந்த மோட்டார் ஆலையும் மூடியது. 2009-இல் பொதுஜனப் பணத்தால் உயிர் பிழைத்த கம்பெனியின் ஆலை அது! இருந்தும் 2020 தேர்தலில் யங்ஸ்டவுன் வட்டாரம் டிரம்புக்கே அதிக ஓட்டுப் போட்டது. 1972-க்குப் பிறகு அவர் கட்சி அங்கே ஜெயித்தது அதுவே முதல் தடவை.

அந்தத் தொழிலாளிக்கு எல்லாரும் பொய்யர் என்று தெரிந்துபோயிற்று. தெரிந்தபின் போவதற்கு இடம் இல்லை. சங்கம் நொறுங்கிக் கிடந்தது. தனக்கென்று ஒரு கட்சி இல்லை. யார் உரக்கத் திட்டுகிறானோ அவன் பின்னால் போனான். அன்னியன் உன் வேலையைத் திருடினான், மெக்சிகோக்காரன் திருடினான், சீனாக்காரன் திருடினான், இந்தியாக்காரன் திருடினான் என்று அவர் விரல் நீட்டினார். ஆலையை மூடிய முதலாளி பக்கம் மட்டும் விரல் திரும்பவில்லை. அதே தேசத்தில் 2023-இல் மூன்று பெரிய மோட்டார் கம்பெனிகளில் சங்கம் கட்டி நின்ற தொழிலாளர்கள் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்து நூற்றுக்கு 25 வீதம் சம்பள உயர்வு வாங்கினார்கள். இந்தச் சேதியை நம் பெரிய பத்திரிகைகள் எத்தனை வரி போட்டன? டிரம்பின் தொப்பியைப் பற்றிப் போட்டதில் பாதிகூட இருக்காது.

அன்னியன் திருடினான் என்ற அந்தக் கூப்பாடுதான் வரியாகி 2025-இல் நம் தலையில் வந்து விழுந்தது. ஆகஸ்ட் 7-ஆம் தேதி இந்தியச் சரக்குக்கு 25 சதம். ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறாய், அதற்கு அபராதம் என்று ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சதம். ஆக 50! நம்மைவிட அதிகம் ரஷ்ய எண்ணெய் வாங்கிய சீனாவுக்கு அந்த அபராதம் கிடையாது. அமெரிக்காவே ரஷ்யாவிடம் யுரேனியமும் உரமும் வாங்கிக் கொண்டிருந்தது, அதற்கும் அபராதம் கிடையாது. ஒரு மனுஷன் கையெழுத்தில் ஏறிய வரி அதே கையெழுத்தில் இறங்கவும் இறங்கும். இடையில் போன கூலியை யார் கொண்டுவந்து கொடுப்பது?

நம் ஆட்சியாளர்கள் இந்த மனிதரைத்தான் தோழன் என்று கட்டிப்பிடித்தார்கள். 2019 செப்டம்பரில் நம் பிரதம மந்திரி ஹூஸ்டனில் அவரோடு கைகோத்து மைதானத்தைச் சுற்றி வந்தார். 2020 பிப்ரவரியில் ஆமதாபாத்தில் 'நமஸ்தே டிரம்ப்' திருவிழா. விருந்தாளி போகும் பாதையில் குடிசைகள் கண்ணில் படாதபடி சுவர் எழுப்பினார்கள். 2025 பிப்ரவரி 5-ஆம் தேதி அந்தத் தோழன் அனுப்பிய ராணுவ விமானம் அமிர்தசரஸில் இறங்கியது. உள்ளே 104 இந்தியர்கள், கையில் விலங்கு, காலில் சங்கிலி! பிழைப்புத் தேடிப் போன ஜனங்கள் அவர்கள். எட்டு நாள் கழித்துப் பிரதம மந்திரி வாஷிங்டனில் அதே கையைக் குலுக்கிக் கொண்டிருந்தார்.

அமெரிக்காவின் பிடி நம் பெரியவர்களுக்குப் புதிதல்ல. 1956-இல் பி.எல். 480 ஒப்பந்தத்தின் பேரில் அமெரிக்கக் கோதுமை வரத் தொடங்கியது. பள்ளிக்கூடத்தில் பால்பவுடர் கரைத்துக் குடித்ததை எழுபது வயசுக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். 1965, 66 வறட்சியில் நாடு தவித்தபோது ஜான்சன் என்ன செய்தார்? வியத்நாமில் குண்டு போடாதே என்று இந்தியா வாய் திறந்ததற்காகக் கோதுமைக் கப்பலை மாசா மாசம் எண்ணி எண்ணி விட்டார். கயிறு அவர் கையில் இருந்தது. 1966 ஜூனில் அமெரிக்காவும் உலக பாங்கும் கொடுத்த நெருக்கடியில் டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்த மதிப்பு ஏழரை ரூபாயாகச் சரிந்தது.

2025-இல் கதை கொஞ்சம் மாறியது. கயிற்றைப் போடுவதற்கு முன்பே நம்மவர்கள் கழுத்தை நீட்டிவிட்டார்கள்! அவன் நம் துணிக்கு 50 சதம் போடுகிற அதே மாசத்தில், ஆகஸ்ட் 19-இல், நம் சர்க்கார் அன்னியப் பருத்திக்கு இருந்த 11 சத இறக்குமதி வரியை அடியோடு எடுத்தது. முதலில் செப்டம்பர் வரை என்றார்கள்; பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். நாட்டில் புதுப் பருத்தி சந்தைக்கு வரும் மாசங்கள் அவை! அமெரிக்கப் பருத்தி எப்படி மலிவாகிறது? அவர்கள் சர்க்கார் பெரும் பண்ணைக்காரர்களுக்கு மானியத்தைக் கொட்டுகிறது. இது முறைகேடு என்று பிரேசில் வழக்காடி ஜெயித்து, 2014-இல் 30 கோடி டாலர் வாங்கிக்கொண்டுதான் சமாதானமாயிற்று. பிரேசில் வழக்காடிற்று, நம் சர்க்கார் கதவைத் திறந்து விட்டது.

கொங்கணாபுரம் ஏலத்துக்கு மூட்டை கொண்டுவரும் குடியானவனுக்கு விலை இறங்கினால், அந்தக் காட்டில் பருத்தி எடுக்கும் பெண்ணுக்கு முதலில் கூலி இறங்கும். "பருத்தி மலிந்தால் ஆலைத் தொழிலாளிக்கு நல்லதுதானே?" என்று மில் முதலாளிகள் நம்மையும் காட்டுக் கூலிக்காரரையும் பிரிக்கப் பார்க்கிறார்கள். பருத்தி விலை இறங்கிய எந்த வருஷத்திலாவது பஞ்சாலையில் கூலி ஏறியதா? அனுபவஸ்தர்கள் சொல்லட்டும்.

நாமக்கல்லில் 2025 ஜூனில் பெரிய கொண்டாட்டம். அமெரிக்காவில் கோழிகளுக்கு நோய் வந்து முட்டை விலை டஜன் ஆறு டாலருக்கு மேல் போயிருந்தது. நம் முட்டை முதல் முறையாக, ஒரு கோடி அளவில், குளிர்பெட்டியில் கப்பலேறியது. இனி நாமக்கல்லுக்கு அமெரிக்கச் சந்தை என்று தம்பட்டம் அடித்தார்கள். இரண்டே மாசம்! வரி வந்தது, தம்பட்டம் நின்றது. பண்ணைக்குள்ளேயே தங்கி எரு வாரும் ஒடிஸா, பீகார்த் தொழிலாளிக்கு முட்டை கப்பலேறியபோதும் ஒன்றும் ஏறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி முதல் கேள்வி. அவன் அங்கே வரி போட்டால் இங்கே ஏன் வேலை போகிறது? வரியை அங்குள்ள வியாபாரி துறைமுகத்தில் கட்டுகிறான். கட்டியதை ஏற்றுமதிக்காரனிடம் விலையில் குறைக்கச் சொல்லுகிறான். ஏற்றுமதிக்காரன் பாவு நூல் கொடுத்துக் கூலிக்கு நெய்விக்கிற பட்டறைக்காரனிடம் மீட்டருக்கு இவ்வளவு குறை என்கிறான். பட்டறைக்காரன் தறிக்காரனிடம் வருகிறான். தறிக்காரனுக்குக் கீழே ஆள் இல்லை. அத்தோடு வரி அவன் சட்டைப்பையில் நின்றுவிடுகிறது. டாலர் விலை ஏறி லாபம் குவிந்த வருஷங்களில் இந்த ஏணி வழியாக ஒரு ரூபாயாவது கீழே இறங்கியதா? முன்பணம் வாங்கியவரின் நிலை இன்னும் மோசம். இந்தப் பட்டறையில் வேலை இல்லை, வேறு பட்டறைக்குப் போகவும் வழி இல்லை.

டீக்கடைத் தோழருக்கு நாம் சொன்னது இதுதான்: ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலையில், ஒரு வருஷம் வேலை பார்த்த தொழிலாளியை ஆர்டர் இல்லை என்று நிறுத்தி வைத்தால், அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளம் தரவேண்டும் என்பது பழைய தொழில் தகராறு சட்டத்திலும் இருந்தது, புதிய சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. அவர் சிரித்தார். "எங்க கொட்டாயி முதலாளி பேர்ல பாதி, சம்சாரம் பேர்ல கால், மச்சான் பேர்ல காலுங்க. எந்தப் பேர்லயும் அம்பது வராதுங்க."

ஒரே கூரை, ஒரே மின்சார லைன், ஒரே கணக்குப்பிள்ளை. பேர் மட்டும் மூன்று! மறுநாள் காலையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அந்தக் கொட்டகையில் வேலை செய்கிறவர் பேரையெல்லாம் ஷிப்டுவாரியாக எழுத ஆரம்பித்தோம். மத்தியானத்துக்குள் அறுபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒன்பது பேர் கைநாட்டு.