செக்அவுட்டைத் தலைமுழுகுங்க மக்களே!

போன வாரம் ஒரு சாயங்காலம். நம்ம ஆரணிப் பையன் ஒருத்தன் போன் பண்றான். வேலைக்குச் சேர்ந்து மூணு மாசம்தான், வீட்லேர்ந்தே பொட்டி தட்டுறான். பின்னாடி அவங்கப்பா தறிச் சத்தம் கேக்குது. "அண்ணே, ரெண்டு நாள் வேலை மொத்தமா காணோம்ணே"ன்னு கிட்டத்தட்ட அழுகை. அவன் சீனியர் கேட்டாராம், "கிட் கூடத் தெரியாம எப்படிய்யா வேலைக்கு வந்தே?" எனக்குக் கடுப்பு ஏறினது அங்கதான்.

நடந்தது இதுதான். புதுசா வர்றவங்களுக்குன்னு டீம்ல குடுத்த குறிப்புல, க்ளோன் பண்ணும்போது 'டெப்த் 1' போடச் சொல்லியிருக்காங்க, சீக்கிரம் இறங்கும்னு. அப்படிப் போட்டா ஒரே ஒரு பிராஞ்ச்தான் வரும்னு யாரும் சொல்லல. பையன் 'கிட் செக்அவுட் பேமெண்ட்'னு அடிச்சா, அப்படி எதுவும் இல்லைன்னு திட்டுது. ஃபெட்ச் பண்ணினாலும் அதே கதை. தேடிப் பிடிச்சு 'ஃபெட்ச் ஆரிஜின் பேமெண்ட்', அப்புறம் 'செக்அவுட் ஃபெட்ச்_ஹெட்'னு அடிச்சிருக்கான். வேலை செஞ்சுது! ஆனா அவன் நின்னது எந்த பிராஞ்ச்லயும் இல்ல. அதுக்குப் பேரு டிடாச்டு ஹெட். ரெண்டு நாள் கமிட் மேல கமிட். மெயினுக்குத் திரும்பினான், எல்லாம் மாயம்.

"எச்சரிக்கை வந்திருக்குமே, படிக்கலையா?"ம்பீங்க. வரும், நீளமா இங்கிலீஷ்ல. ஆனா கமிட்டைத் தடுக்காது. கதவைத் திறந்து விட்டுட்டு, உள்ள போனவனைக் குத்தம் சொல்றது என்ன நியாயம்?

செக்அவுட்ங்கிற ஒரே கட்டளை பிராஞ்சும் மாத்தும், நீங்க ஃபைல்ல செஞ்ச மாற்றத்தையும் கேக்காம அழிக்கும். இது குழப்பம்னு கிட்டை உருவாக்குறவங்களே ஒத்துக்கிட்டுத்தான் 2019 ஆகஸ்ட்ல, 2.23ல, 'ஸ்விட்ச்', 'ரெஸ்டோர்'னு ரெண்டாப் பிரிச்சாங்க. 'ஸ்விட்ச் ஆரிஜின்/பேமெண்ட்'னு அடிச்சுப் பாருங்க, பிராஞ்ச் பேரு குடுன்னு அடம் பிடிச்சு நிக்கும். 'டிடாச்'னு நீங்களா கேட்டாத்தான் அந்த ஆபத்தான இடத்துக்கு விடும். இவ்ளோ வருஷம் ஆகியும் நம்மாளுங்க இன்னும் செக்அவுட்டையே சொல்லிக் குடுக்குறாங்க. ஏன்? அவங்க அப்படித்தான் கத்துக்கிட்டாங்களாம். அட போங்கப்பா!

பையனுக்கு என்ன பண்ணினோம்? 'கிட் ரீஃப்ளாக்' போட்டதும் போன கமிட் எல்லாம் வரிசையா வந்து நின்னுது. கடைசி கமிட்டோட எண்ணை எடுத்து 'கிட் பிராஞ்ச் மீட்பு'ன்னு பேரு வச்சு அந்த எண்ணைக் குடுத்தோம். அவ்ளோதான், உயிர் வந்துச்சு. எந்த பிராஞ்சும் தொடாத கமிட்டையும் கிட் வழக்கமா 30 நாளாவது வச்சிருக்கும். அப்புறம் 'கிட் ரிமோட் செட்-பிராஞ்சஸ் --ஆட் ஆரிஜின் பேமெண்ட்', ஒரு ஃபெட்ச், 'கிட் ஸ்விட்ச் பேமெண்ட்'. பத்தே நிமிஷம். அந்த சீனியர் திட்டின நேரத்துல இதைச் சொல்லிக் குடுத்திருக்கலாம்.

எங்க ஊர்ல புதுப் பாவு வந்தா, பழைய பாவோட இழையில ஒவ்வொண்ணா முடிஞ்சுட்டுத்தான் நாடாவைத் தொடுவாங்க. பாவு கட்டாத தறியில புதுசாக் கத்துக்குற பையனை உக்கார வச்சுட்டு, சேலை எங்கடான்னு யாரும் கேக்க மாட்டாங்க. பட்டு நெய்யுறவங்களுக்கு இருக்குற இந்த அறிவு, பொட்டி தட்டுற நமக்கு எப்பதான் வரும்?

நாளைக்கே உங்க டீம் குறிப்பைத் திறந்து பாருங்க. செக்அவுட்னு இருந்தா ஸ்விட்ச்னு மாத்துங்க. அப்புறம் திட்டலாம், அடுத்தவனை.