விஷத்துக்குச் சலுகை, உழைப்பாளிக்கு அலைச்சலா?

கேரளத்தின் வடகோடியில் இருப்பது காசர்கோடு. அங்கே 4,500 ஹெக்டேருக்கும் மேல் முந்திரித் தோட்டம். அதன் சொந்தக்காரர் தனி முதலாளி அல்ல. கேரள சர்க்காரின் தோட்டக் கழகமே. முந்திரிப் பூவைக் கருக்கும் பூச்சியைக் கொல்வதற்காக, 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். குன்றின் மேல் தெளித்தது தோட்ட வேலியோடு நிற்குமா? கிணற்றில் விழுந்தது, ஓடையில் விழுந்தது, குடிசைக் கூரையிலும் விழுந்தது.

இது என்ன சரக்கு? டி.டி.டி.யைப் போலக் குளோரின் சேர்ந்த பூச்சிமருந்து. எளிதில் அழியாது. மண்ணில் தங்கும், கொழுப்பைப் பற்றிக்கொண்டு மீனிலும் பாலிலும் ஏறும், கடைசியில் மனித உடம்புக்கு வந்து சேரும், நரம்பைத் தாக்கும். அந்தக் கிராமங்களில் ஊனத்தோடும் மூளை வளர்ச்சிக் குறைவோடும் குழந்தைகள் பிறந்தன. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் சிறுவர்களின் ரத்தத்தைச் சோதித்து, அதில் இந்த விஷம் இருப்பதைக் கண்டது. அந்த ஆய்வு 2003-ல் வெளிவந்தது.

அப்புறமாவது விழித்தார்களா? கமிட்டிக்கு மேல் கமிட்டி போட்டார்கள். "இதுதான் காரணம் என்று நிரூபியுங்கள்" என்று நோயாளியிடமே கேட்டார்கள். சந்தேகத்தின் பலன் மனிதனுக்குக் கிடைக்கவில்லை, விஷத்துக்குக் கிடைத்தது!

அழியாத விஷங்களைத் தடுக்க 2001-ல் ஸ்டாக்ஹோமில் சர்வதேச ஒப்பந்தம் உருவாயிற்று. 2006-ல் இந்தியாவும் அதை ஏற்றது. ஆனால் எண்டோசல்பானைத் தடைப் பட்டியலில் சேர்க்கும் பேச்சு எழுந்தபோது, முட்டுக்கட்டை போட்டது இந்திய சர்க்காரே. ஏன்? உலகில் இதை மிக அதிகமாகத் தயாரித்த நாடு நம் நாடு. 2011 ஏப்ரலில் ஜெனீவாவில் அது பட்டியலில் ஏறியது, அப்போதும் விதிவிலக்குகளோடுதான். அதே ஆண்டு மே 13-ல், இந்திய ஜனநாயக வாலிபர் சங்கத்தின் மனு மீது சுப்ரீம் கோர்ட் நாடு முழுவதும் தடை விதித்தது.

தடை வந்தது, நீதி வந்ததா? பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலைக்கு 5 லட்சம் ரூபாயை மூன்று மாதத்துக்குள் கொடுக்கும்படி 2017 ஜனவரியில் அதே கோர்ட் கேரள சர்க்காருக்கு உத்தரவிட்டது. ஐந்து ஆண்டு கழிந்து, 2022 மே மாதத்தில் கணக்குப் பார்த்தால், 3,704 பேரில் பணம் பெற்றவர்கள் 8 பேர்! கோர்ட் கண்டித்த பிறகே பட்டுவாடா வேகம் பிடித்தது. எந்தக் கொடி பறக்கும் சர்க்காரானாலும் சரி, இந்தத் தாமதத்தை நாம் நியாயப்படுத்த மாட்டோம்.

நமது பூச்சிமருந்துச் சட்டத்தின் கதையும் இதுவே. 1958-ல் கோதுமை மாவில் பூச்சிமருந்து கலந்து, கேரளத்திலும் சென்னை ராஜ்யத்திலும் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். சட்டம் வந்தது 1968-ல். முதலில் பிணம், அப்புறம் சட்டம்! இந்த வரிசையைத்தான் மாற்ற வேண்டும்.

விஷத்தைக் காய்ச்சுகிறவன் ஆலைத் தொழிலாளி; தெளிக்கிறவன் விவசாயத் தொழிலாளி. தடை வந்தால் வேலை போகுமே என்று ஒருவனையும், பூச்சி தின்றால் கூலி போகுமே என்று மற்றவனையும் மிரட்டுவார்கள். இந்த மிரட்டலுக்கு நாம் இரையாகக் கூடாது. நாம் கோருவது இதுதான்:

ஆபத்தில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தயாரிப்பவன் தலையில் இருக்க வேண்டும். டப்பாவில் இருப்பது என்ன, அது உடம்பை என்ன செய்யும் என்பது தொழிலாளிக்கு அவன் பாஷையில் சொல்லப்பட வேண்டும். ஒரு சரக்கு தடையானால் ஆலைத் தொழிலாளிக்கு மாற்று வேலை தர வேண்டும். நோயுற்றவருக்கு ஆயுள் முழுவதும் வைத்தியம் அளிக்க வேண்டும்.

ஆலையும் வயலும் ஒரே குரலில் கேட்டால், இதை மறுக்க எந்த சர்க்காராலும் முடியாது!