பாவம் அந்தப் பொணம்!

ஹேமர் கம்பெனியின் பழைய பிரிட்டிஷ் பேய்ப்படங்களைப் பத்தி யார் எழுதினாலும், ரெண்டாவது வரியிலேயே ஒரு வார்த்தை வந்து உக்காந்துக்குது: "பைத்தியக்கார விஞ்ஞானி". 1957-ல வந்த 'தி கர்ஸ் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டீன்' படத்துக்கும் இதே முத்திரைதான். படத்தை உருப்படியா பாத்தவங்க இப்படி எழுதுவாங்களான்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். அந்த முத்திரையைக் கிழிக்கத்தான் இந்தப் பதிவு. முடிவு வரைக்கும் கதையைச் சொல்லப்போறேன், படம் பாக்காதவங்க இங்கேயே எஸ்கேப் ஆகிடுங்க :-)

டெரன்ஸ் ஃபிஷர் இயக்கி, ஜிம்மி சாங்ஸ்டர் திரைக்கதை எழுதிய படம். செலவு சுமார் 65,000 பவுண்டுதான். பீட்டர் குஷிங் தான் விக்டர் ஃப்ராங்கன்ஸ்டீன். இந்த ஆள் என்னென்ன செய்யறார்னு வரிசையா பாருங்க. தூக்குல தொங்கின வழிப்பறிக்காரன் உடம்பை இறக்கிட்டு வர்றார். தலை சரியில்லைன்னு வெட்டி அமிலத்தொட்டியில போடறார். ரத்தக்கையை கோட்டுலயே துடைச்சுக்கிறார். நல்ல மூளை வேணும்னு வயசான பேராசிரியர் ஒருத்தரை விருந்துக்குக் கூப்பிட்டு, ஓவியம் காட்டற சாக்குல மாடியிலேர்ந்து தள்ளிவிடறார். அப்புறம் மரியாதையா தன் குடும்பக் கல்லறையிலேயே அவரை அடக்கம் பண்ணிட்டு, மூளையை எடுக்க ராத்திரி அங்கே போறார். வேலைக்காரப் பொண்ணு ஜஸ்டினை ஏமாத்தி வச்சிருக்கார். அவ கல்யாணத்துக்கு நெருக்கினதும், தான் செஞ்ச உருவம் இருக்கிற அறைக்குள்ள வச்சுப் பூட்டிடறார். அவ அலறல் முடியறதுக்கும், இவர் காலைச் சாப்பாட்டு மேஜையில மார்மலேட் கேக்கறதுக்கும் நடுவுல ஒரே ஒரு வெட்டுதான்.

இதுல எங்கேங்க பைத்தியம்? திட்டம் இருக்கு, பொறுமை இருக்கு, பசியும் இருக்கு. குஷிங் ஒரு இடத்துலகூட கண்ணை உருட்டலை, பேய்ச்சிரிப்பு சிரிக்கலை. "பைத்தியம்"னு சொன்னா நமக்கு நிம்மதி, அதான் சொல்றோம். பைத்தியம்னா அவன் வேற ஜாதி, நம்மள மாதிரி படிச்சவன், நல்லா உடுத்தறவன் இதைச் செய்ய மாட்டான்னு ஒரு ஆறுதல்.

1931-ல ஜேம்ஸ் வேல் எடுத்த ஹாலிவுட் படம்தான் உசத்தின்னு சொல்றவங்ககிட்ட ஒரு கேள்வி. போரிஸ் கார்லாஃப் பெரிய நடிகர், ஒத்துக்கறேன். ஆனா அந்தப் படத்துல உதவியாளன் நல்ல மூளையைக் கீழே போட்டுட்டு குற்றவாளி மூளையைத் தூக்கிட்டு வர்றான். அதாவது கெட்டதெல்லாம் மூளையோட தப்பு, உதவியாளனோட தப்பு. டாக்டர் தப்பிச்சுடறார், கடைசியில அவங்கப்பா கோப்பையைத் தூக்கி வாழ்த்துறார், சுபம்! மேரி ஷெல்லியோட 1818 நாவல்ல இந்த மூளை மாத்தற சமாச்சாரமே கிடையாது. ஹேமர் படத்துல மூளை ஒரு அறிஞரோடது. கல்லறையில நடக்கற தள்ளுமுள்ளுல ஜாடி உடைஞ்சு கெட்டுப்போகுது. அந்தத் தள்ளுமுள்ளும் விக்டர் கொலை பண்ணி மூளை திருடினதால வந்தது. பழியைத் தூக்கி வேற யார் தலையிலயும் கட்ட முடியாது.

"சும்மா சினிமாப்பா, இப்படியெல்லாம் யாராவது செய்வாங்களா?"ன்னு கேப்பீங்க. 1828-ல எடின்பரோவுல பர்க், ஹேர்னு ரெண்டு பேர் 16 பேரைக் கொன்னு, உடம்புகளை ராபர்ட் நாக்ஸ்ங்கிற உடற்கூறியல் டாக்டருக்கு வித்தாங்க. ஹேர் அரசுத்தரப்பு சாட்சியா மாறித் தப்பிச்சான். பர்க்கை 1829 ஜனவரியில தூக்குல போட்டாங்க. காசு குடுத்து வாங்கின நாக்ஸ் மேல வழக்கே இல்லை. அதுக்கப்புறம் 1832-ல வந்த சட்டம் என்ன பண்ணுச்சு? ஏழைகள் விடுதியில கேக்க ஆளில்லாம செத்தவங்க உடம்பை மருத்துவப் பள்ளிகளுக்குக் குடுக்க வழி பண்ணுச்சு. சட்டம் போட்டவங்களும் பைத்தியமா? 1960-ல 'தி ஃப்ளெஷ் அண்ட் தி ஃபீண்ட்ஸ்' படத்துல இதே நாக்ஸா நடிச்சது சாட்சாத் பீட்டர் குஷிங்!

ஹேமர்காரங்களுக்கு இது புரிஞ்சிருக்கு. 1958-ல வந்த ரெண்டாம் பாகம் 'தி ரிவெஞ்ச் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டீன்' பாருங்க. பேரை மாத்திக்கிட்டு ஏழைகள் ஆஸ்பத்திரி நடத்தறார். ஊரே புகழுது. உள்ளே தனக்கு வேண்டிய கையையும் காலையும் நோயாளிங்க உடம்புலேர்ந்து வெட்டி எடுத்துக்கறார். விஷயம் தெரிஞ்சதும் அந்த நோயாளிங்களே சேந்து அடிச்சுப் போடறாங்க. எனக்கு இந்த வரிசையிலேயே ரொம்பப் பிடிச்ச காட்சி அது.

அன்னிக்கு லண்டன் விமர்சகர்கள் பலர் இந்தப் படத்தைக் காறித் துப்பினாங்க. 'அப்சர்வர்' பத்திரிகையின் சி.ஏ. லெஜூன் தான் பாத்ததிலேயே அருவருப்பான அரை டஜன் படங்கள்ல ஒண்ணுன்னு எழுதினாங்க. கலர்ல ரத்தம் காட்டினது கண்ணை உறுத்திருக்கு. ஒரு பிரபு வேலைக்காரியைச் சாகவிட்டுட்டு நிம்மதியா சாப்பிடறது அந்த அளவுக்கு உறுத்தின மாதிரி தெரியலை.

அதுக்காக ஹேமர் செஞ்ச எல்லாத்துக்கும் வக்காலத்து வாங்கப்போறதில்லை. 1969-ல வந்த 'ஃப்ராங்கன்ஸ்டீன் மஸ்ட் பி டிஸ்ட்ராய்ட்' படத்துல ஒரு பலாத்காரக் காட்சி இருக்கு. படப்பிடிப்பு முடியற சமயத்துல மேலிடத்து நெருக்கடியால செருகினது. நடிச்ச குஷிங்குக்கும் வெரோனிகா கார்ல்சனுக்கும் அது பிடிக்கலை. அதுக்கப்புறம் கதையில யாருமே அதைப் பத்திப் பேசறதில்லை. ஒரு பொண்ணோட வேதனையை வியாபாரத்துக்காக ஒட்டுப்போட்டிருக்காங்க. அது கேவலம், அவ்வளவுதான்.

முதல் படத்தோட முடிவுக்கு வர்றேன். உருவம் அமிலத்துல கரைஞ்சுடுச்சு, சாட்சி இல்லை. சிறையில விக்டர் கெஞ்சறார், "அது இருந்துச்சுன்னு சொல்லு"ன்னு. விஷயம் தெரிஞ்ச ஒரே நண்பன் பால் சொல்ல மாட்டேங்கறான். அப்ப கில்லட்டின் எதுக்கு? ஜஸ்டினோட கொலைக்கு. அவர் குத்தக் கணக்குல சேத்துக்காத அந்த வேலைக்காரிக்காகத்தான் தலை போகுது. "பைத்தியம்"னு ஒரு டாக்டர் சீட்டு எழுதிக் குடுத்திருந்தா தப்பிச்சிருப்பார். படம் குடுக்கலை. நாம ஏங்க குடுக்கறோம்?

டிஸ்கி: ஃப்ராங்கன்ஸ்டீன்ங்கிறது டாக்டர் பேரு. கிறிஸ்டோபர் லீ முகத்துல தையலோட வர்ற அந்த ஜீவனுக்குப் பேரே கிடையாது. இனிமேயாவது பொணத்தைத் திட்டாதீங்க மக்களே.